காற்றில் இல்லாத அடிப்பு

கிழக்கே புத்தளம் களப்பும் மேற்கே பெருங்கடலும் எல்லையாக, வடக்கு நோக்கி ஒடுங்கி நீண்டு செல்லும் கற்பிட்டிக் குடாநாட்டில், பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியையொட்டி அமைந்த நுரைச்சோலை, மணலையே விளைநிலமாகக் கொண்ட ஊர். ஊற்றிய நீரை அந்த மணல் அக்கணமே உறிஞ்சிவிடுவதால், வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடும் தோட்டக்காரர் நாள் தவறாமல் கிணற்று நீரை இறைத்தே தீரவேண்டியவராயிருக்கின்றனர். அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில் ஒரே வகையான இரண்டு நீரிறைக்கும் இயந்திரங்கள் ஏககாலத்தில் ஓடும்போது, அவற்றின் நடுவே வரப்பில் நிற்பவருக்குக் கேட்பது, ஓங்குவதும் ஒடுங்குவதுமாக ஒரு தாளகதியில் அசையும் ஒரே ஒலி. தனித்தனியே ஓடினால் இரண்டில் எதனிடத்தும் அந்த அசைவு இராது; இரண்டும் சேர்ந்தபோது மட்டும் அது பிறக்கிறது.

இதன் காரணம் எளிது. வகையால் ஒன்றாயினும் வேகத்தால் இரண்டு இயந்திரங்கள் அணுவளவும் பிசகாது ஒத்திருப்பது அரிது. ஒன்றன் ஒலியலை விநாடிக்கு 100 முறையும் மற்றதன் அலை 102 முறையும் அதிர்வதாகக் கொள்வோம். ஒரு கணத்தில் இரண்டு அலைகளின் முகடும் முகடும் ஒன்றுபட்டு ஒலி ஓங்கும். கால் விநாடி கழியும்போது விரைந்த அலை அரைச் சுற்று முந்திச் சென்று, ஒன்றன் தாழியை மற்றதன் முகடு நிரப்ப, ஒலி ஒடுங்கும். அரை விநாடி நிறையும்போது மீண்டும் முகடுகள் கூடும். ஆகவே ஒரு விநாடியில் ஒலி இரண்டு முறை ஓங்கி இரண்டு முறை ஒடுங்குகிறது. விநாடிக்குரிய அதிர்வெண்ணாகிய மீடிறன்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எதுவோ, விநாடிக்கு அத்தனை ஓக்கங்கள். இதனை அடிப்பு என்று ஈழத்துப் பாடநூல்களும் விம்மல் என்று தமிழகத்துப் பாடநூல்களும் வழங்குகின்றன.

தம்புராவுக்குச் சுருதி கூட்டுவோர் இந்த அடிப்பைக் கணிதம் அறியாமலே நன்கு அறிந்தவர்கள். சாரணி, அனுசாரணி என்னும் நடுத் தந்திகள் இரண்டும் சற்றே விலகி நிற்கையில் நாதம் அலைந்து நடுங்கும்; முறுக்காணியையும் மணியையும் மெல்லத் திருத்தத் திருத்த அந்த நடுக்கம் மந்தமாகிக் கடைசியில் அற்றுப்போகும்போது சுருதி சேர்ந்ததென்று கை நிற்கும். காரைதீவிற் பிறந்து விஞ்ஞானப் பட்டமும் பெற்ற விபுலானந்த அடிகள், 1947-ல் வெளிவந்த யாழ்நூலில் தமிழிசையின் சுருதிகளை எண்களாகக் கணித்து நிறுவினார் என்பதை நினைக்கும்போது, இசையும் பௌதிகமும் ஒரே தமிழ் நெஞ்சில் பகையின்றிக் குடியிருந்த காலம் தொலைவிலுள்ளதன்று என்று நான் மகிழ்வதுண்டு. பிரமாண சுருதி எனப்படும் 81-க்கு 80 என்னும் மிகச் சிறிய இடைவெளியை எடுத்துக்கொண்டால், 240 ஹெர்ட்ஸ் அதிரும் தந்தியிலிருந்து அவ்வளவு விலகிய தந்தி 243 ஹெர்ட்ஸ் அதிரும். இரண்டையும் ஒன்றாய் மீட்டினால் விநாடிக்கு மூன்று அடிப்புக் கேட்கும். வெவ்வேறாகக் கேட்டால் பலருக்கும் பிடிபடாத வேற்றுமை, சேர்த்துக் கேட்டால் எவருக்கும் பிரத்தியட்சமாகிவிடுகிறது.

இந்த அடிப்புகள் யாவும் காற்றில் உள்ளவை என்பதை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். வரப்பில் ஓர் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தால் அந்த ஓக்கமும் ஒடுக்கமும் பதிவிலும் இருக்கும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதால் மட்டும் கேட்டாலும் அடிப்புக் குறையாது. கேட்பவர் ஒருவருமில்லாத தோட்டத்திலும் காற்றின் அமுக்கம் அவ்வாறே ஏறி இறங்கும். இனி நான் சொல்லப் புகும் அடிப்போ காற்றில் எவ்விடத்தும் இல்லாதது. எந்த ஒலிவாங்கியும் அதனைப் பிடிக்காது. இரண்டு காதுகளும் தனித்தனியே பெற்ற இரண்டு ஒலிகள் மூளைக்குள் சந்திக்கும் இடத்திலே மட்டும் அது தோன்றுகிறது. இருசெவி அடிப்பு என்று அதனை அழைக்கலாம்.

இந்த வேறுபாட்டை விளக்குவதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை; அதே நுரைச்சோலையின் மேற்குக் கரையிலே, இலங்கையின் மிகப் பெரிய மின்னுற்பத்தி நிலையமாகிய லக்விஜய நிலக்கரி அனல்மின் நிலையம் நிற்கிறது. 2011-ல் அதன் முதற் பிரிவும் 2014-ல் மற்றை இரண்டு பிரிவுகளும் தொடங்கி, பிரிவுக்கு 300 மெகாவாற்றாக மொத்தம் 900 மெகாவாற்று ஆற்றல் உடையதாயிற்று. நாடெங்கும் ஓடும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மீளும் ஆடலோட்டம். புதிதாய்ச் சுழலத் தொடங்கிய ஒரு மின்பிறப்பாக்கியை நாட்டின் மின்வலையோடு இணைக்க வேண்டுமானால், அதன் மீடிறன் வலையின் மீடிறனோடு ஒத்திருந்தால் மட்டும் போதாது. அலையின் ஏற்ற இறக்க நிலையாகிய அவத்தையும் ஒத்திருத்தல் வேண்டும். முகட்டுக்கு எதிரே தாழி நிற்கும் கணத்தில் ஆளியை மூடிவிட்டால், பேரெடையுள்ள சுழலியின் தண்டு முறிபடத்தக்க பேரதிர்ச்சி நேரும்.

ஆகையால் இணைப்பதற்கு முன்னர் இருபக்கத்து மின்னழுத்த அலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி ஒன்று எந்த மின்னுற்பத்தி நிலையத்துக்கும் இன்றியமையாதது. சிங்க்ரோஸ்கோப் என்பது அதன் பெயர். அதன் முள், பிறப்பாக்கி 50.1 ஹெர்ட்ஸிலும் வலை 50 ஹெர்ட்ஸிலும் இருந்தால் பத்து விநாடிக்கு ஒரு முறை முழுவட்டமாகச் சுற்றும். பிறப்பாக்கி முந்தினால் ஒரு திசையிலும் பிந்தினால் எதிர்த்திசையிலும் சுற்றும். வட்டத்தின் உச்சியை முள் மெல்ல அணுகும் கணம் பார்த்து ஆளியை மூடுவர். இன்று அந்தக் கணத்தைத் தானியங்கிச் சாதனமே தேர்ந்துகொண்டாலும் தத்துவம் அதுவேயாகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் நேர்ந்த தடங்கலால் நாடு முழுவதும் இருண்டு, நுரைச்சோலையின் மூன்று பிரிவுகளும் நின்றுபோக, அவற்றை மீண்டும் இயக்கி வலையிற் சேர்த்தபோது, ஒவ்வொரு பிரிவும் இந்த ஒப்பீட்டைக் கடந்தே வலைக்குள் வந்திருத்தல் வேண்டும்.

இதில் நான் கருதும் சூட்சுமம் யாதெனில், முள் சுற்றிக்கொண்டிருக்கும் அவ்வளவு நேரமும் பிறப்பாக்கியின் அலையும் வலையின் அலையும் இன்னும் ஒன்று கலக்கவில்லை. இரண்டும் தத்தம் கம்பிகளில் தத்தம் வழியே ஆடுகின்றன. கருவி அவற்றின் அவத்தைகளை மாத்திரம் ஒப்பிடுகிறது. ஒப்பீட்டின் விளைவாக முள் அசைகிறது. தோட்டத்தில் இரண்டு இயந்திரங்களின் ஒலி கலந்ததனால் அடிப்புப் பிறந்தது. இங்கே கலவாத இரண்டை ஒப்பிட்டதனால் அசைவு பிறக்கிறது. இருசெவி அடிப்பு இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. நம் மூளையின் அடித்தண்டிலே அத்தகைய ஒப்பீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது என்பதே அதன் முழு இரகசியமும்.

அதனை முதலிற் கண்டவர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவே என்னும் புருசிய நாட்டு விஞ்ஞானி. காற்றுகளின் போக்கையும் புயல்களின் சுழற்சியையும் ஆராய்ந்து வானிலை நூலில் பெரும்புகழ் எய்திய அவர், 1839-ல், சற்றே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகளை அதிரச் செய்து, ஒன்றை ஒரு காதுக்கும் மற்றதை மறுகாதுக்கும் நேரே பிடித்தபோது, ஒலிகள் வெளியே கலவாதிருந்தும் அடிப்புக் கேட்பதை உணர்ந்தார். சோழகமும் கச்சானும் வாடையும் முறைவைத்து ஆளும் கற்பிட்டிக் கரையில் நின்று எழுதுகிறவனுக்கு, காற்றின் விதிகளைத் தேடிய ஒருவரே காற்றில் இல்லாத இந்த ஒலியையும் கண்டெடுத்தார் என்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. பின்னர் 1870-களில் சில்வானஸ் தொம்சன் என்னும் ஆங்கிலேயர் காதுக்கொரு குழாய் வைத்து ஒலிகளைப் பிரித்து ஊட்டி இதனை மேலும் ஆராய்ந்தார்.

1907-ல் ரேலி பிரபு இதன் உட்பொருளை வெளிக்கொணர்ந்தார். இரண்டு காதுகளுக்கும் அனுப்பிய ஒலிகளின் மீடிறன் வித்தியாசம் மிகச் சிறிதாக, சில விநாடிகளுக்கு ஒரு சுற்று என்னும் அளவில் இருக்கும்போது, கேட்பவர் ஓக்கத்தையும் ஒடுக்கத்தையும் உணர்வதைவிட, ஒலி ஒரு காதின் பக்கமிருந்து மறு காதின் பக்கத்துக்கு நகர்ந்து செல்வதையே உணர்கிறார் என்று அவர் கண்டார். அதன் போக்கிலும் ஒரு நியதி உண்டு: வலக்காதின் ஒலி சற்று உயர்ந்ததாயிருந்தால், ஒலி நடுத்தலையைக் கடக்கும்போது இடமிருந்து வலமாகவே கடக்கும், இடக்காதின் ஒலி உயர்ந்தால் வலமிருந்து இடமாகக் கடக்கும். எந்தப் பிறப்பாக்கி முந்துகிறது என்பதை முள் சுற்றும் திசை காட்டுவது போலவே, எந்தக் காதின் ஒலி முந்துகிறது என்பதை ஒலி நகரும் திசை காட்டுகிறது.

ஒலி ஏன் நகர்ந்ததாகத் தோன்ற வேண்டும்? தாழ்ந்த ஒலிகளின் திசையை நாம் அறிவதே இரண்டு காதுகளுக்கிடையிலுள்ள கால வித்தியாசத்தைக் கொண்டுதான். வெப்பமான இந்தக் கரையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். நமக்கு நேர் வலப்புறத்தே, கடலில் ஒரு படகின் இயந்திரம் ஓடினால் அதன் ஒலி வலக்காதை அடைந்து, தலையைச் சுற்றி இடக்காதை அடைய மேலும் ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் போக வேண்டும். அதற்கு ஆகும் காலம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. சற்றேறக்குறைய அந்தப் பங்கில் மூன்றில் இரண்டு. இதுவே அதிகபட்ச வித்தியாசம். படகு நமக்கு நேர் எதிரே இருந்தால் வித்தியாசம் பூச்சியம். எதிரிலிருந்து ஒரே ஒரு பாகை விலகினாலும் பயின்ற காது அதனை உணர்கிறது, அப்போதுள்ள வித்தியாசமோ விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் ஒலி காற்றில் செல்லும் தூரம் மூன்றரை மில்லிமீற்றர். ஒரு நரம்புத் துடிப்பு எழுந்து அடங்குவதற்கே விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு செல்லுமென்றால், அத்துடிப்பின் நூற்றில் ஒரு கூற்றை நம் நரம்புகள் அளந்தறிகின்றன என்றாகிறது. மனித தேகத்தில் இதைக் காட்டிலும் நுண்ணிய கால அளவை வேறொன்று இல்லை என்பதே என் துணிபு.

அந்த அளவை நடைபெறும் விதம் வருமாறு. காதின் உள்ளே நத்தைச்சுருள் வடிவான அறையிலுள்ள மயிர்க்கலங்கள், தம்மை அடையும் அலையின் ஒவ்வொரு சுற்றிலும் குறித்த ஓர் அவத்தையிலேயே செவிநரம்பில் துடிப்பை எழுப்புகின்றன. ஒவ்வொரு நரம்பிழையும் ஒவ்வொரு சுற்றிலும் துடிக்காவிட்டாலும், துடிக்கும்போது அந்த அவத்தை தவறாமல் துடிக்கிறது. ஆகவே 250 ஹெர்ட்ஸ் ஒலியின் நேரக்கணக்கு அப்படியே நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குச் செல்கிறது. அங்கே, ஒலிவக் காயின் வடிவத்தால் பெயர் பெற்ற ஒரு கலத்திரளில், இரண்டு காதுகளிலிருந்தும் வரும் இழைகள் முதன்முதலாகச் சந்திக்கின்றன. அத்திரளிலுள்ள கலம் ஒவ்வொன்றும் இருபுறத்துத் துடிப்புகளும் ஒன்றாய் வந்து சேரும்போது மிகுதியாகக் கிளர்ச்சியடையும். இட வல இழைகளின் நீளம் வெவ்வேறாயிருப்பதனால், வெவ்வேறு கலங்கள் வெவ்வேறு கால வித்தியாசங்களுக்கு விடையிறுக்கும் என்று 1948-ல் லோயிட் ஜெஃப்ரஸ் என்னும் அமெரிக்க உளவியலார் ஒரு சித்தாந்தம் வகுத்தார். இருளில் எலியின் சலசலப்பைக் கேட்டே பாய்ந்து பிடிக்கும் கூகையின் மூளையில் அச்சித்தாந்தத்தின்படியே இழைகள் அமைந்திருப்பது பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. பாலூட்டிகளில் அதே அமைப்பா, வேறு வகையா என்பது இன்றும் அறிஞர் விவாதிக்கும் விஷயம். ஒப்பீடு அவ்விடத்தில் நிகழ்கிறது என்பதில் விவாதமில்லை.

இப்போது இடக்காதுக்கு 250 ஹெர்ட்ஸும் வலக்காதுக்கு 254 ஹெர்ட்ஸும் ஊட்டுவோமாக. இயற்கையில் எந்த ஒரு பொருளும் இப்படி இரண்டு காதுகளுக்கு இரண்டு மீடிறன்களை அனுப்புவதில்லை. ஆகவே ஒப்பீட்டுக் கலங்கள் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இதனைப் பொருள்கொள்கின்றன. வலப்புற அலை விநாடிக்கு நான்கு சுற்று முந்திக்கொண்டே போவதால், ஒரு கணம் வலம் முந்துகிறது, ஒரு கணம் இரண்டும் ஒக்கின்றன, ஒரு கணம் இடம் முந்துவதாகத் தோன்றுகிறது. விநாடிக்கு நான்கு முறை இந்தச் சுழற்சி நிகழ, தலைக்குள்ளே ஓர் ஒலி நான்கு முறை அசைகிறது. வித்தியாசம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் ரேலி கண்ட நகர்ச்சி. சில ஹெர்ட்ஸ் ஆனால் மெல்லிய அலைவு. பத்து இருபது என்று ஏறினால் ஒலியில் ஒரு கரகரப்பு. முப்பதை அணுகும்போது அதுவும் அற்று, இரண்டு காதுகளில் இரண்டு தனி ஒலிகள். காற்றில் நிகழும் அடிப்பு முழு மௌனம் வரை ஒடுங்கக்கூடியது. இருசெவி அடிப்பு அவ்வளவு ஆழமுடையதன்று, கவனித்தால் மட்டுமே தெரியும் மென்மையான அசைவு. ஆரவாரமான விளம்பரத்தைக் கேட்டுவிட்டு முதன்முறை இதனைக் கேட்போர் இவ்வளவுதானா என்று ஏமாறுவதற்குக் காரணம் இம்மென்மையே.

எல்லா ஒலிக்கும் இது நிகழ்வதில்லை என்பதையும் கூற வேண்டும். 1973 அக்டோபர் மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதனைப் பற்றி எழுதி உலகறியச் செய்த ஜெரால்ட் ஓஸ்டர், 440 ஹெர்ட்ஸை அண்டிய ஒலிகளில் அடிப்பு மிகத் தெளிவாகக் கேட்கிறது என்றார். ஆயிரத்தைத் தாண்டும்போது அது தேய்ந்து, ஆயிரத்தைந்நூற்றுக்கு அப்பால் இல்லாதொழிகிறது. அலையின் நீளம் தலையின் அளவுக்குக் குறுகிவிடும்போது எந்த முகடு எந்த முகட்டை முந்தியது என்பது ஐயத்துக்கிடமாவதும், அத்தனை விரைவில் மூளைத்தண்டின் கலங்கள் அவத்தையைப் பற்றி நிற்க இயலாமையும் இதற்குக் காரணங்கள். உயர்ந்த ஒலிகளின் திசையை நாம் கால வித்தியாசத்தால் அறியாமல், தலையின் நிழலில் ஒலி குறைவதைக் கொண்டு அறிகிறோம்; ஆதலால் அவ்வொலிகளில் இந்த அடிப்புக்கு இடமே இல்லை.

இவ்வளவும் தெரிந்தபின், இருசெவி அடிப்பைக் கேட்க ஹெட்போன் எதற்கு என்னும் வினாவுக்கு விடை தானே வந்துவிடுகிறது. ஒப்பிடப்படும் இரண்டும் கடைசிவரை கலவாதிருக்க வேண்டும். அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து ஒன்றில் 250-ம் மற்றதில் 254-ம் ஒலித்தால், ஒவ்வொன்றின் ஒலியும் இரண்டு காதுகளையும் அடையும். கேட்பது நீரிறைக்கும் இயந்திரங்களின் அடிப்புக்குச் சகோதரமான, காற்றில் நிகழும் அடிப்பு. அது ஒருவேளை இன்னும் தெளிவாகவே கேட்கும், ஆனால் வேறு பொருள். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் இதை ஒலிக்கவிட்டு, தலையணைக்கருகில் வைத்துக்கொண்டு படுப்பவர்கள், தாங்கள் தேடிய பொருளைக் கேட்கவேயில்லை.

ஹெட்போன் இருந்தாலும் அது இட வல ஒலிகளை வேறுவேறாகத் தருவதாயிருத்தல் வேண்டும். 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், ஒப்பேரா அரங்கின் மேடையிலிருந்து கம்பி வழியே வந்த இசையைக் கிளெமென் அதேர் என்பவர் காதுக்கொரு தொலைபேசிக் கருவியாக வைத்துக் கேட்கச் செய்தபோது, பாடகர் மேடையில் நடமாடும் திசையும் புலப்பட்டு மக்கள் வியந்தனர். ஆனால் 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிய நாட்களில், ஹெட்போனைக் காதிலிட்டுக் கேட்ட நேயர்களின் இரண்டு காதுகளுக்கும் ஒரே ஒலிதான் வந்தது. இட வல வேற்றுமையோடு வீட்டில் இசை கேட்பதற்கான ஹெட்போனை ஜோன் கொஸ் என்பவர் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது 1958-ல். இன்று நம் கடைகளில் ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ என்று கேட்டு வாங்கும் மலிவான கம்பிக் கருவியும் இந்தப் பிரிவினையைச் செய்ய வல்லது. விலையுயர்ந்த கருவியேயாயினும், ஒற்றைக் காதில் மட்டும் அணியும் புளூடூத் துண்டு செய்ய வல்லதன்று. கைத்தொலைபேசியின் அமைப்பில் மோனோ என்னும் தெரிவு இயங்கிக்கொண்டிருந்தாலும், புளூடூத் கருவி அழைப்பு முறைக்கு மாறியிருந்தாலும், இரண்டு ஒலிகளும் காதை அடையுமுன்னரே கலந்துவிடும்.

காதை மூடும் சாதாரண ஹெட்போனிலிருந்து ஒரு காதுக்குரிய ஒலி மண்டையோட்டின் வழியாக மறுகாதை அடையும்போது ஏறத்தாழ 40 டெசிபெல்லோ அதற்கு மேலோ குறைந்துவிடும். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு சக்தியே கடக்கும். ஆகையால் அக்கசிவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கன்னத்தெலும்பில் பொருந்தி எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் புதுவகைக் கருவிகள் இதற்கு உதவா. எலும்பு இரண்டு காதுகளுக்கும் பொதுவானது. ஒரு பக்கத்தில் இட்ட அதிர்வு மறுபக்கத்தையும் சற்றே குறைந்த வலிமையோடு அடைந்துவிடும்.

இந்த உண்மையைக் கற்பிட்டிக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்கக் குளிப்பவர்கள் தங்கள் தேகத்தாலேயே அறிந்திருக்கிறார்கள். நீருக்கடியில் படகின் இயந்திர ஒலி நன்கு கேட்கும். எத்திசையிலிருந்து என்பது மட்டும் விளங்காது. எங்கும் நிறைந்து தலைக்குள்ளேயே ஒலிப்பது போலிருக்கும். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் விரைவதனால், இரண்டு காதுகளுக்கிடையிலுள்ள கால வித்தியாசம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதுவுமன்றி, நீரும் தசையும் ஒலிக்கு ஏறத்தாழ ஒரே தன்மையின ஆதலால், ஒலி காதின் துவாரத்தைத் தேடாமல் மண்டையோட்டின் வழியே நேரே இரண்டு உட்காதுகளையும் ஒருங்கே சென்று தட்டுகிறது. தரையில் விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கை அளந்த கருவி, நீருக்குள் பிரிவினை அழிந்ததால் பயனற்றுப்போகிறது.

அதே கடலில் கூட்டங்கூட்டமாகத் துள்ளி வரும் ஓங்கில்களுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. அவற்றின் உட்காதை உள்ளடக்கிய எலும்புகள் நம்முடையவை போல மண்டையோட்டோடு இறுகிப் பிணைந்திராமல், தசைநார்களால் தூக்கி நிறுத்தப்பட்டு, வாயுவும் சளியும் எண்ணெயும் கலந்த நுரை நிறைந்த அறைகளால் சூழப்பட்டிருக்கின்றன. நீரில் வரும் ஒலியை அந்நுரை தடுத்து நிறுத்திவிடுவதால், ஒவ்வொரு காதும் தனித்தனியாக, தன் பக்கத்து ஒலியை மட்டும் பெறுகிறது. இரண்டு காதுகளைப் பிரித்து வைக்கும் கருவியை நாம் கடையில் வாங்குகிறோம். அந்தப் பிராணிகளுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. பரிணாமம் இத்துணைச் சிரமம் எடுத்து அமைத்த ஒன்றைக் கண்டபின், காதுகளின் தனிமை எவ்வளவு அருமையானது என்பதை நான் வேறு வாதங்களால் நிலைநாட்ட வேண்டியதில்லை.

இனி, இருசெவி அடிப்பின் பெயரால் கூறப்படும் பலன்களைப் பற்றிச் சொல்லாமல் விடுதல் தகாது. மூளையின் மின்னலைகளை மனிதரிடத்தில் பதிவு செய்து 1929-ல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்ட நாள்முதல், உறக்கத்தில் விநாடிக்கு நான்கினும் குறைந்த அலைகள், கண்மூடி அமர்ந்த அமைதியில் எட்டு முதல் பதின்மூன்று வரை, விழிப்பான வேலையில் அதற்கு மேல் என்றெல்லாம் வகுத்திருக்கிறார்கள். நான்கு ஹெர்ட்ஸ் ஒலியைக் காது கேட்காது, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்கு ஒலியே இல்லை. ஆனால் நான்கு ஹெர்ட்ஸ் அடிப்பைத் தலைக்குள் உண்டாக்கலாம். ஆகவே மூளையின் அலையும் அந்த நான்குக்கு இழுபட்டு உறக்கம் வரும் என்பது வாதம். 1975-ல் ராபர்ட் மன்றோ என்னும் அமெரிக்கர் ஒலியால் உறக்கம் விளைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இது பெருவணிகமாயிற்று. இன்று பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ஞாபகசக்திக்கென்று இரவெல்லாம் இதனைக் கேட்கிறார்கள்.

சான்றுகள் என்ன சொல்லுகின்றன? 2005-ல் பத்மநாபன் முதலிய மருத்துவர்கள் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளிடம் செய்த பரீட்சையில், இருசெவி அடிப்புக் கலந்த ஒலியைக் கேட்டவர்களின் பதற்ற அளவு 26 சதவீதமும், அடிப்பில்லாத அதே ஒலியைக் கேட்டவர்களுடையது 11 சதவீதமும், ஒன்றும் கேளாதவர்களுடையது 4 சதவீதமும் குறைந்தன. 2019-ல் 22 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும் பதற்றத்திலும் நினைவிலும் மிதமான நற்பலன் உண்டு என்றனர். மறுபுறம், 2020-ல் மொன்றியல் நகர ஆய்வாளர்கள், மூளையின் அலைகளை இழுப்பதில் இருசெவி அடிப்பைவிடக் காற்றில் நிகழும் சாதாரண அடிப்பே வலிமை மிக்கது என்றும், இரண்டுமே கேட்டோரின் மனநிலையை மாற்றவில்லை என்றும் கண்டனர். மூளையலை உண்மையில் இழுபடுகிறதா என்று சோதித்த 14 ஆய்வுகளை 2023-ல் ஒருங்கு வைத்துப் பார்த்தபோது, ஐந்து ஆம் என்றன, எட்டு இல்லை என்றன, ஒன்று இருபுறமும் சாய்ந்தது. அதே ஆண்டு போலந்து நாட்டில் ஆயிரம் பேரை வீட்டிலிருந்தே பங்குபெறச் செய்து நடத்திய ஆய்வில், இதனைக் கேட்டுக்கொண்டு அறிவுப் பரீட்சை எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே செய்தனர்.

இவற்றை நடுநிலையோடு எடை போடும்போது, பதற்றம் தணிவதில் ஏதோ சிறு உதவி இருக்கலாம், படிப்பில் உதவி என்பதற்கு ஆதாரம் மிக மெலிந்தது என்பதே என் அபிப்பிராயம். பரீட்சைக்கு முந்திய இரவில் ஒரு மாணவனுக்கு வேண்டுவது உறக்கம். அதைக் கொடுக்காமல் காதில் கருவியோடு விழித்திருக்கச் செய்யும் எதுவும் அவனுக்கு நன்மையாகாது என்று பெற்றோர்க்குச் சொல்ல விரும்புகிறேன். ஓஸ்டர் தம் கட்டுரையில், பார்க்கின்சன் நோயுற்றோர் சிலருக்கு இவ்வடிப்புக் கேட்காதிருப்பதைக் குறித்து, நரம்பின் நலத்தைச் சோதிக்க இது பயன்படலாம் என எழுதினார். விற்பனைக்கு வந்த வாக்குறுதிகளைக் காட்டிலும் அந்தக் குறிப்பு எனக்கு அதிக மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அது இந்த ஒலியை, அது எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதனைத் தாமே சோதிக்கலாம். இட வலங்களுக்கு வெவ்வேறு சுரங்களைத் தரும் இலவசச் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் ஏற்றி, ஹெட்போனை அணிந்து, ஒலியை மிகத் தணித்து, இடத்துக்கு 400 ஹெர்ட்ஸும் வலத்துக்கு 403 ஹெர்ட்ஸும் கொடுத்துக் கண்ணை மூடிக் கேட்டால் விநாடிக்கு மூன்று அசைவு தலைக்குள் கேட்கும். ஒரு காதின் துண்டை எடுத்துவிட்டால், எடுத்தது எந்தக் காதாயினும், அசைவு அக்கணமே நின்று வெறும் சுரமாகிவிட வேண்டும். அப்படி நில்லாமல் ஒற்றைக் காதிலும் அசைவு தொடர்ந்து கேட்குமானால், கருவியோ செயலியோ இரண்டு ஒலிகளையும் எங்கோ கலந்துவிட்டது என்பது நிச்சயம். அடுத்து, வித்தியாசத்தைக் கால் ஹெர்ட்ஸாகக் குறைத்து, நான்கு விநாடிக்கு ஒரு முறை ஒலி நடுத்தலையை எத்திசையிற் கடக்கிறது என்பதைக் கவனித்து எழுதிக்கொண்டு, சுரங்களை மாற்றாமல் ஹெட்போனை மட்டும் இட வலம் மாற்றி அணிந்தால், கடக்கும் திசையும் மாறிவிடும்.